விட்டுப் போகும் எடை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிறவர்களைப் பார்த்தாலே மதிவதனிக்குக் குமட்டிக்கொண்டு வரும். இருபத்தாறு ஆண்டுகளாகப் பேரரசப் பென்குயின்களோடு காலம் தள்ளுகிறாள். அவற்றின் எச்சம், மீன் வாடை, அலகால் வாங்கிய காயங்கள் எதுவும் அவளுக்கு அருவருப்பைத் தந்ததில்லை. அதை மனிதர்கள்தான் தந்தார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஒட்டி அந்தக் குளிர்க்கூடம் இருந்தது. வெளியே வெயில் நாற்பத்து மூன்று டிகிரி என்றால், உள்ளே சுழியத்துக்குக் கீழே முப்பது. தென்துருவத்தில் கடல்பனி வருடா வருடம் உறையாமல் போனதில், மிஞ்சியிருந்த பேரரசப் பென்குயின்கள் எல்லாம் உலகின் மூன்று கூடங்களுக்குள் அடங்கிவிட்டன. அதில் ஒன்று இது. நாற்பத்தெட்டுப் பறவைகள். அவற்றைப் பார்க்க நாளொன்றுக்கு நாலாயிரம் பேர்.

அன்று காலை கண்ணாடியோரம் ஒருவன் தன் முகத்தையும் பின்னால் நிற்கும் பென்குயின்களையும் சேர்த்துப் படம் பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள், ஐந்து வயது இருக்கும், "அப்பா, ஒண்ணுக்கு வருதுப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருடா கண்ணு, அந்த அப்பாவைப் பாரு, எவ்வளவு பொறுமையா நிக்குது" என்றான் அவன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். குழந்தை நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டது. அவன் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் தேன் தடவிய குரல் ஒன்று ஓடியது: "ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் உத்தமப் பறவை இது..."

சுத்தப் பொய். பத்தில் எட்டுப் பறவைகள் அடுத்த வருடமே வேறு துணையைத் தேடிக்கொள்ளும். திருத்தச் சொல்லி நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டாள். உண்மையைக் கேட்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் உண்மையில் அதிசயத்துக்குக் குறைவில்லை. பெண் ஒரே ஒரு முட்டை இடும். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கூடு கிடையாது; பனியில் கூடு கட்ட என்ன இருக்கிறது? முட்டையைத் தன் பாதத்திலிருந்து ஆணின் பாதத்துக்கு உருட்டிவிடும். நழுவித் தரையில் கிடந்தால் இரண்டு நிமிடத்தில் உள்ளே உயிர் உறைந்துவிடும். ஆண் அதைக் கால்மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, குதிகாலில் சாய்ந்து நிற்கும். முட்டையிட்டுக் களைத்த பெண் கடலுக்குப் போய்விடும், இரண்டு மாதம் தின்று தேற. ஆண்கள் நெருக்கியடித்துக் கும்பலாக நின்று, உள்ளே இருப்பது வெளியே வந்து, வெளியே இருப்பது உள்ளே போய், முறை மாற்றிக் குளிரைப் பங்குபோட்டுக்கொள்ளும். இணை தேடத் தொடங்கிய நாளிலிருந்து குஞ்சு பொரிக்கும்வரை கிட்டத்தட்ட நாலு மாதம் பட்டினி. முப்பத்தெட்டுக் கிலோவோடு நிற்கத் தொடங்கிய பறவை இருபத்து மூன்றில் வந்து நிற்கும்.

அதற்கும் கீழே போனால் என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடித்தவள் மதிவதனி. இருபத்திரண்டு கிலோவைத் தொட்டதும் பறவையின் உடம்புக்குள் ஒரு சுரப்பு ஏறும். அது மூளைக்குச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: போதும், போ. உடனே அந்த உத்தமத் தகப்பன் முட்டையை அப்படியே பனியில் போட்டுவிட்டுக் கடலை நோக்கி நடக்கத் தொடங்கும். திரும்பியே பார்க்காது. போய்த் தின்று பிழைத்து, அடுத்த வருடம் வேறு முட்டையைக் காக்கும். இத்தனை லட்சம் வருடம் அந்த இனம் பிழைத்துக் கிடந்தது நின்றதால் மட்டும் அல்ல, போக வேண்டிய நேரத்தில் போனதாலும்தான். இதை அவள் எழுதியபோது முப்பது பேர் படித்திருப்பார்கள்.

போன வருடம் அது கூட்டத்தின் கண்முன்னால் நடந்தது. பெண்கள் இரண்டு மாதம் இருப்பது பக்கத்துக் குளத்தில். நடுவே ஒரு கதவு. அது திறந்தால்தான் அவை திரும்பி வரும். கதவைத் திறக்கும் நாளைத் 'தந்தையர் திருவிழா' என்று அறிவித்திருந்தார்கள். பெரிய மனிதர்களின் வசதிக்காக விழா பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. பத்தாவது நாள் மூன்று ஆண்கள் முட்டைகளைப் போட்டுவிட்டு நடந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "தூ, நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று ஒருவர் பென்குயினைப் பார்த்துக் கத்தியது ஊரெல்லாம் பரவியது.

கூடத்தின் இயக்குநர் மாசிலாமணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவரைப் பொறுத்தவரை பென்குயின் என்பது கறுப்புக் கோட்டு போட்ட குள்ள மனிதன்.

"என்ன டாக்டர் இது? அறுபது நாள் நின்னவன் இன்னும் ரெண்டு நாள் நிக்க மாட்டானா?"

"பசிச்சது, போச்சு. பன்னெண்டு நாள் முன்னாடியே கதவைத் திறந்திருந்தா போயிருக்காது."

"தேதி நம்ம கையில இல்லையே."

"கதவு உங்க கையிலதானே இருக்கு?"

அவர் அதைக் கேட்காதது போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ஆராய்ச்சியில ஒரு குளிகை இருக்காமே? அந்தப் போகிற புத்தியை அடைக்கிற மாதிரி?"

இருந்தது. ஒரு சுரப்பு என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை அடைத்துப் பார்ப்பது ஆய்வில் வழக்கம். அரிசி அளவில் ஒரு குளிகை. தோலுக்கடியில் வைத்தால், 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகாது. கையடக்கக் கருவியால் அதை நிறுத்தலாம், முடுக்கலாம். இரண்டு பறவைகளில் மூன்றே நாள் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டாள். 'நிலைப்பான்' என்று பெயரும் வைத்திருந்தாள். மாசிலாமணி அதை எல்லா ஆண்களுக்கும் வைக்கச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுத்தால் கூடத்தை மூடிவிடுவார்கள் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை அதைவிடக் கேவலமானது. தான் செய்த ஒரு பொருள் பெரிய அளவில் வேலை செய்வதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

வாசல்வரை வழியனுப்ப வந்த மாசிலாமணி இன்னொன்றும் கேட்டார். அவருக்கு 'அருகிருப்பு' என்று ஒரு தொழில் இருந்தது, படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு வீட்டோடு தங்கும் செவிலியரை அனுப்புவது. "பத்து நாள் தாங்க மாட்டேங்கிறாங்க டாக்டர். நடுவுல விட்டுட்டு ஓடிடறாங்க. இந்தக் குளிகை மனுஷங்களுக்கு..."

"அதுக்குக் குளிகை எதுக்கு? பதினொண்ணாம் நாள் மாத்தாள் அனுப்புங்க."

நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல அவர் சிரித்தார். அவளும் அதை அத்தோடு மறந்துவிட்டாள்.

இந்த வருடம் இருபத்திரண்டு ஆண்கள் முட்டையோடு நின்றன. இந்த வருடமும் விழா தள்ளிப்போயிருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணீர் ஆறாக ஓடியது.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பராமரிப்பாளன் கிளாட்வின் அவள் அறைக்கு வந்தான். மணப்பாட்டுக்காரன். முன்பு மீன்பிடிப் படகில் போனவன், பதினைந்து வருடமாகப் பறவைகளோடு இருக்கிறான். அடைகாக்கும் பருவத்தில் வெளியிலிருந்து நோய் வந்துவிடக்கூடாது என்று பராமரிப்பாளர்களை இரண்டரை மாதம் கூடத்தை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். தாடியும் கம்பளிக் குல்லாவுமாக அவன் ஒரு துறவியைப் போல இருந்தான்.

"மேடம், பதினாலாம் நம்பரு சரியில்ல. எடை பதினெட்டரை. கழுத்து உள்ள போயிட்டு. கும்பலோட சேந்து நவுர மாட்டேங்கு. போணும்னு அதுக்குத் தோணவே மாட்டேங்கு."

"தோணாமத்தான் பண்ணியிருக்கோம்."

"அது தெரியும். செத்துரும்லா?"

"சாகலாம்."

அவன் போகாமல் நின்றான். பிறகு குல்லாவைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை நீட்டினான். "இன்னொண்ணு பாக்கணும் நீங்க. எம் மவ ஷெர்லின். பாளையங்கோட்டையில ஒரு பெரியவருக்கு நர்ஸா இருக்கா. அந்த வீட்டு மவன் வெளிநாட்டுல இருக்காரு, கேமராவுல இருந்து எடுத்துப் போட்டிருக்காரு."

படத்தில் கட்டிலில் ஒரு முதியவர். ஓரமாக வெள்ளை உடையில் ஒரு பெண் நின்றாள். மேலே 'எங்கள் வீட்டுத் தேவதை' என்று எழுதி மூன்று கைகூப்பும் படங்கள். கீழே ஆயிரத்துச் சொச்சம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"மெலிஞ்சிருக்கா" என்றாள் மதிவதனி.

"மெலிஞ்சது கெடக்கட்டும் மேடம். நிக்கிறதப் பாருங்க. பெருவிரல் தரையில படல. குதிகால்ல சாஞ்சு நிக்கா. நம்ம பதினாலாம் நம்பரு நிக்க மாதிரி."

மதிவதனி படத்தைப் பெரிதாக்கினாள். பென்குயினின் நிலைக்கும் மனுஷியின் நிலைக்கும் சம்பந்தம் இருக்க அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. ஆனால் பதினைந்து வருடமாகத் தராசு இல்லாமலே கண்ணால் எடை சொல்கிறவன் கிளாட்வின். அவன் ஒருமுறைகூட அரைக்கிலோவுக்கு மேல் தவறியதில்லை.

"அவளுக்கு ஊசி கீசி ஏதாவது போட்டாங்களா?"

"சேரும்போதே சத்து ஊசின்னு போட்டாவளாம். கைக்கு மேல, தோலுக்கடியில. தடவுனா அரிசித் தண்டிக்கு இருக்குன்னா."

அவள் மாசிலாமணிக்குப் போன் போட்டாள். அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால்தானே?

"நானே சொல்லணும்னு இருந்தேன் டாக்டர். உங்க ஜூனியர் ஒருத்தர்தான் மனுஷங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுத்தார். முப்பத்தாறு பேருக்கு வச்சிருக்கோம், ஒருத்தர்கூட வேலையை விடலை! அறிக்கையில கடைசிப் பக்கம் உங்களுக்கு நன்றி போட்டிருக்கோம்."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த மனிதனைத் திட்டுவதற்குக்கூட ஒரு மரியாதை தேவைப்பட்டது. அது அவளிடம் இல்லை. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றாள். வெளியே போகக் கூடாது என்ற தடையை மீறி வந்த கிளாட்வின், வெயில் முகத்தில் அறைந்ததும் ஒரு கணம் தள்ளாடிக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

பாளையங்கோட்டை வீட்டில் கதவைத் திறந்தது ஷெர்லின்தான். அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சத்தம் போடாதீங்க, தாத்தா தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். அறுபது கிலோ இருந்த பெண் என்று கிளாட்வின் வழியில் சொல்லியிருந்தான். நாற்பதுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று மதிவதனி கணக்கிட்டாள். கன்ன எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

கட்டிலில் இருந்தவர் தூங்கவில்லை. பெயர் சங்கரநயினார். எண்பத்தாறு வயது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆனால் கண்ணும் வாயும் தெளிவாக இருந்தன.

"வந்துட்டியளா? இவளக் கூட்டிட்டுப் போயிருங்க. கும்பிட்டுக் கேக்கேன்." இரண்டு கையையும் சேர்க்க முயன்றார், முடியவில்லை. "போளா, போயிச் சாப்பிடுன்னு நாப்பது தடவ சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கா. எனக்கு வேண்டாம்னு கஞ்சியத் தள்ளிவச்சா, மிச்சத்தையாவது குடிப்பான்னு பாத்தேன். அதையும் சூடு பண்ணி எனக்கேதான் ஊட்டுதா."

"மாத்தாள் வரலையா?"

"முதல்ல பத்து நாளைக்கு ஒருத்தி வந்துட்டிருந்தா. பொறவு வரல."

சுவரில் இருந்த திரை உயிர்பெற்றது. நாற்பது வயதுக்காரன் ஒருவன், பின்னால் மழை வடியும் ஜன்னல். "ஹலோ, யார் நீங்க? நான் பிரணவ். அவர் பையன். ஏஜென்சியிலிருந்தா?"

"இல்ல. இவர் இந்தப் பொண்ணோட அப்பா. இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"ஏன்? நல்லாத்தானே இருக்காங்க? எங்கப்பாவைச் சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்கறாங்க. நான் தினமும் பாக்கறேனே."

"தினமும் பாக்கறீங்க. சரி. இவ சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"அது... கிச்சன்ல கேமரா இல்ல."

மதிவதனி வாழ்நாளில் எத்தனையோ முட்டாள்தனமான பதில்களைக் கேட்டிருக்கிறாள். அதையெல்லாம் இந்த ஒரு பதில் ஓரங்கட்டிவிட்டது.

"மாத்தாள் வராததையாவது கவனிச்சீங்களா?"

"அவங்க கேக்கலையே மேடம். கேட்டிருந்தா அனுப்பச் சொல்லியிருப்பேன்."

அவள் திரைக்கு முதுகைக் காட்டிவிட்டு ஷெர்லினின் கையைப் பிடித்தாள். ஷெர்லின் தடுக்கவில்லை, அவள் கண் முழுக்க முதியவரின் மார்பு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. கருவியைத் தோளருகே வைத்ததும் கடவுச்சொல் கேட்டது. மதிவதனி தன்னுடையதைப் போட்டாள். திறந்தது. திருடியவர்கள் அதைக்கூட மாற்றியிருக்கவில்லை. குளிகையை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரமாவும் மேடம்?" என்றான் கிளாட்வின்.

"பறவைக்கு ஒரு மணி நேரம். மனுஷங்களுக்கு எனக்குத் தெரியாது."

காத்திருந்தார்கள். கிளாட்வின் மகளின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஷெர்லின் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். அப்பாவை அப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"எப்பப்பா வந்த?"

"இப்பத்தான் மக்ளே."

"பசிக்குப்பா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "ரொம்பப் பசிக்கு."

கட்டிலிலிருந்து சங்கரநயினார், "அடுப்படியில மேல் தட்டுல பிஸ்கட் இருக்குடே, எடுத்துக் குடு" என்று பதறினார். மதிவதனி தடுத்தாள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று தின்றால் இதயம் நின்றுவிடும். பறவையானாலும் மனிதரானாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னாள். கிளாட்வின் ஊட்டியதில் பாதி தரையில் போனது.

அவர்கள் போனதும் திரை மறுபடி பேசியது. "மேடம், அப்போ... அப்பாவை யார் பாக்கறது?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ரோட்டர்டாம்."

"வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

"இப்போ லீவு எல்லாம்..."

"லீவைக் கேக்கலை. எவ்வளவு நேரம்?"

"பதினாறு மணி நேரம்."

"நான் பென்குயின்களை வச்சு வேலை பாக்கிறவ. தென்துருவத்துல இருந்த காலத்துல, கடல்லேர்ந்து அதுங்க இடத்துக்கு வர நூறு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும். ஒழுங்கா நடக்கத் தெரியாத பறவை. வயித்தால வழுக்கிக்கிட்டு வரும். ஆயிரக்கணக்கான ஆண்கள் நிக்கிற இடத்துல தன் புருஷனைக் குரலை வச்சே கண்டுபிடிச்சு, நீ போ, நான் பாத்துக்கறேன்னு நிக்கும். அதைப் பத்தி ஒரு பயலும் அழ மாட்டான். நின்னதைத்தான் பாத்து அழுவான். உங்களுக்குப் பதினாறு மணி நேரம். நீங்க கேமரா மாட்டியிருக்கீங்க."

திரை அணைந்தது. அவன் அணைத்தானா, இணைப்புப் போனதா என்று அவள் கவலைப்படவில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் சொல்லி, மூன்று பேர் முறைவைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள். முதல் ஆள் வந்து சேர மாலை ஆனது. அதுவரை முதியவரைத் திருப்பிப் படுக்கவைத்ததும் துடைத்ததும் அவள்தான். "மவன் நல்லவந்தான்" என்றார் அவர், கேட்காமலே. அவளுக்கு, அந்த நிலையிலும் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

மற்ற முப்பத்தைந்து பேரின் விலாசத்தையும் வாங்கி, அவர்கள் உடம்பிலிருந்து குளிகையை எடுக்க வைக்க நான்கு நாள் பிடித்தது. மாசிலாமணியிடம் கேட்டு வாங்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, அழுகிற பொதுமக்களைப் பயன்படுத்திக்கொண்டாள்: 'எங்கள் வீட்டுத் தேவதை' படத்தையும் மருத்துவமனையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். போன வாரம் இதயம் போட்ட அதே ஆயிரம் பேர் இப்போது கொதித்தார்கள். இரண்டிலும் அவர்களுக்கு ஒரே மாதிரி சந்தோஷம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

ஆனால் கூடத்து வேலையை அவள் பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையிலேயே முடித்துவிட்டாள். பார்வையாளர் வரும் முன், கட்டுப்பாட்டு அறையிலிருந்து பெண்களின் கதவைத் திறந்தாள். இரண்டு மாதம் தின்று கொழுத்த பறவைகள், இரட்டைக் குரலில் கூவிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அசைந்து அசைந்து வந்தன. ஆண்கள் பதில் கூவின. அரை மணி நேரத்தில் இருபது முட்டைகள் கால் மாறின. இரண்டில் குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தது. இருபத்தோராவதில் உயிர் இல்லை.

பதினாலாம் எண்ணுக்குக் கூவத் தெம்பு இல்லை. அதன் பெண் மூன்று முறை பக்கத்திலேயே போனது. குரல் கேட்காததால் தெரியாமல் போய்விட்டது. மதிவதனி கருவியோடு உள்ளே போய்க் குளிகைகளை நிறுத்திவிட்டு அறைக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரத்தில் பதினாலாம் எண் தலையை உயர்த்தியது. காலை விலக்கியது. முட்டை பனியில் உருண்டது. பறவை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காமல் குளத்தை நோக்கி நடந்தது, இரண்டு முறை விழுந்து எழுந்து, தண்ணீரில் விழுந்தது.

முட்டை அங்கேயே கிடந்தது. நொடிகளை எண்ணிக்கொண்டு அவள் எழுந்து கதவுக்கு ஓடும்போது, தன் முட்டையைப் பருவத் தொடக்கத்திலேயே தவறவிட்டிருந்த ஒரு பெண் அதை அலகால் இழுத்துத் தன் பாதத்தில் ஏற்றிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் இருந்திருந்தால் தாய்மை என்று கதறியிருக்கும். மதிவதனிக்குத் தெரியும், சுரப்பு இன்னும் வற்றாத ஒரு பறவைக்கு மடிப்புக்குள் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சில சமயம் அவை பனிக்கட்டியைக்கூட ஏற்றி வைத்துக்கொண்டு நிற்கும். அந்த முட்டை பொரித்ததா என்று பார்க்க அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பத்து மணிக்குக் காவலர்கள் வந்து அவளை வெளியே கொண்டுவிட்டார்கள்.

"வருஷத்துல ஒரே ஒரு காட்சி" என்றார் மாசிலாமணி, உண்மையான துயரத்தோடு. "அதையும் காலி நாற்காலிகளுக்குக் காட்டிட்டீங்களே டாக்டர்."

"அதுங்களுக்கு அதுதான் வசதி" என்றாள்.

விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. 'சில பணியாளர்களிடம் ஊட்டச்சத்துக் குறைபாடு காணப்பட்டது' என்று எழுதி எழுந்தது. குளிகை தடை செய்யப்பட்டது. மாசிலாமணியின் தொழில் வேறு பெயரில் நடக்கிறது. ஷெர்லின் உடம்பு தேறி, கிளாட்வினோடு மணப்பாட்டுக்குப் போனாள். ஒரு மாதம் யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றாளாம். அதைக் கேட்டு மதிவதனிக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போன் வந்தது.

"மேடம், நான் பிரணவ். சங்கரநயினாரோட..."

"தெரியுது. என்ன வேணும்?"

"அந்தக் குளிகை. உங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமா?"

"மறுபடியும் ஒரு பொண்ணு கிடைச்சிருக்காளா?"

"இல்ல மேடம். எனக்கு."

அவன் அவசர அவசரமாகச் சொன்னான். "கேமராப் பதிவு எல்லாத்தையும் உக்காந்து பாத்தேன். அந்தப் பொண்ணைப் போ போன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருக்கார். ஒரு தடவைகூட என்னை வான்னு சொல்லலை. வந்து மூணு நாள் ஆச்சு. பாளையங்கோட்டையிலதான் இருக்கேன். ஆனா முடியலை. அந்த வாடை, அந்த... நாலாவது நாள் ஓடிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதை வச்சுட்டா நிப்பேன் இல்லையா?"

நாக்கு நுனியில் ஒரு டஜன் வார்த்தைகள் வந்து நின்றன. இருபத்தாறு வருடத்துப் பழக்கம். எல்லாமே அவனுக்குப் பொருந்தும்.

"நிப்பீங்க. அவர் செத்த பிறகும் நிப்பீங்க. குளிகை கிடையாது. ஓடணும்னு தோணும், தோணட்டும். நாளைக்கு ராத்திரிக்கு ஆள் வரச் சொல்லுங்க. அவங்க வந்ததும் வெளியே போயி நல்லாத் தின்னுட்டுத் தூங்கிட்டு வாங்க. அப்புறம் அவங்களைப் போகச் சொல்லுங்க. அவ்வளவுதான் விஷயம்."

"மேடம், இன்னொண்ணு. அவரை ஒருக்களிச்சுப் படுக்கவைக்கத் தெரியலை. இழுத்தா வலிக்குதுன்னு சொல்றார். நீங்க ஏற்பாடு பண்ணின நர்ஸ் பதினோரு மணிக்குத்தான் வருவாங்க."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க" என்றாள் மதிவதனி. "இழுக்கக் கூடாது. அந்தப் பக்கத்து முழங்காலை மடக்குங்க. மடக்கிட்டீங்களா? ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. உங்க பக்கமா உருட்டுங்க, தூக்காதீங்க."

கட்டில் கிரீச்சிட்டது. பெருமூச்சு. துணி உரசும் சத்தம்.

"ஏல, மெதுவா" என்றது ஒரு கிழக்குரல்.